ஊர் போட வேண்டிய இடம்

பங்குனி வந்தால் பெருந்துறையில் என் கடைக்குத் தூக்கமில்லை.
ஆறுக்குப் பத்து, எட்டுக்குப் பன்னிரண்டு என்று
ஒவ்வொரு பண்டிகைக்கும் ஃபிளெக்ஸ்.
மேலே அம்மன், கீழே நன்கொடையாளர்கள்,
நடுவில் மிஞ்சும் சந்தில் வித்வான்கள்.

வித்வான்களுக்கு ஊர் முதலில், பேர் பிறகு.
அப்பனுக்கு ஓரெழுத்து போதும்,
ஊரை முழுசாகப் போட வேண்டும்.
நம்பியூர் திருமூர்த்தி என்று போட்டால்
நம்பி முன்பணம் கொடுக்கிறார்கள்.
கொடுவாய் சகோதரர்களுக்கு ஒரே ஊர், எனக்கு மை மிச்சம்.
தவில் வாசிக்கிற அண்ணனுக்குத்தான் குறை:
"வாய் தம்பிக்குத்தானுங்க வேணும், எனக்கெதுக்கு?"

போன செவ்வாய், கரண்டு போய் வந்த நேரம்,
நாயனப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு
கருணாம்பிகை வந்தார்.
டீ சொன்னேன். சக்கரை கம்மி என்றார்.
"ஏனுங் தம்பி, என் பேர்ல இருந்து குன்னத்தூரை எடுத்துருங்க."

பதினோரு வருசமாக நான் அடித்த பேர்.
குன்னத்தூர் கருணாம்பிகை, நாதஸ்வரம்.
குன்னத்தூர் அர்த்தநாரி, தவில்.
ஃபைலில் ரெண்டும் ஒரே வரியாக ஒட்டிக் கிடந்தன.
பேரில் மட்டும் பெண்ணுக்குப் பாதி கொடுத்த அந்த மனுசன்
தை மாசம் கோபி கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.
"அவரு அங்கயே பொறந்தவரு. ஊரு அவருக்கே இருக்கட்டும்.
தவிலுக்கு வேற ஆளு பாத்தாச்சு."

நீங்க பொறந்த ஊரைப் போட்ருலாங்களா அக்கா?
அடித்தே காட்டினேன்: அவிநாசி கருணாம்பிகை.
திரையைப் பார்த்து ரெண்டு பேரும் வாயடைத்துப் போனோம்.
கோயிலுக்குள் நிற்கிறவளின் விலாசமல்லவா அது!
"சாமியே வந்து வாசிக்குதுன்னு சனம் கூடிருமுங்க.
அப்பறம் நான் வந்து நின்னா?"
கன்னத்தில் போட்டுக்கொண்டு அழித்தேன்.

திருப்பூர்? இப்போது குடியிருப்பது அங்கேதான்,
ராயபுரத்தில் ஒரு லைன் வீடு.
"யாரு வேணாலும் திருப்பூருங்க. ஒட்டாது."
ஊரே இல்லாமல்? கமிட்டிக்காரர் போனிலேயே சீறினார்:
"மொட்டைப் பேரா? எங்க கோயலுக்கு என்ன கேடு?"

பேருக்கு முன்னால் கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது.
பக்கத்து மெஷினில் யாருடைய கண்ணீர் அஞ்சலியோ
நெற்றியிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"செங்கப்பள்ளி," என்றார்.

செங்கப்பள்ளியில் அவருக்கு வீடில்லை, ஓட்டில்லை,
ஒறம்பரை என்று சொல்ல ஒரு நாயில்லை.
சேலம் பஸ் பைபாஸில் இறக்கிவிட்டுப் போகும்.
அடுத்த பஸ் வரும்வரை டீக்கடை பெஞ்ச், அவ்வளவுதான்.
"கணக்குப் போட்டுப் பாத்தனுங்.
கச்சேரி முடிஞ்சு ராத்திரி ஒண்ணரை, ரெண்டு.
அவரு தவில் மேல சாஞ்சு தூங்கிருவாரு.
நான் முழிச்சிருப்பேன், சீவாளிய எச்சில்ல நனைச்சுட்டு.
அவிநாசில நான் மக, குன்னத்தூர்ல மருமக.
நாயனக்காரியா உக்காந்திருந்த ஊரு
எனக்கு அது ஒண்ணுதான்.
லாரிக்காரங்க கூட பெட்டிக்கு எடம் உட்டுத்தான் உக்காருவாங்க."

குன்னத்தூரைவிட ஓரெழுத்து கூட.
பேர் வலப்பக்கம் நகர்ந்து
ரைஸ்மில் முதலாளியின் மீசையில் போய் இடித்தது.
மீசையைச் சுருக்கினேன்.

வெள்ளிக்கிழமை ஃபிளெக்ஸ் ஏறியது.
சனிக்கிழமை விடியாமல், அடியில் பொடியாக இருக்கும்
என் நம்பருக்கு ஒரு போன்.
"செங்கப்பள்ளி பைபாஸ் டீக்கடைங்க.
விஜயமங்கலத்துல போர்டு பாத்தேன்.
எனக்குத் தெரியாம எங்க ஊர்ல
ஏதுங்க நாயனக்காரி?"

"உங்களுக்குத் தெரியுமுங்கண்ணா," என்றேன்.
"ராத்திரி ரெண்டு மணி. சக்கரை கம்மி."

கொஞ்ச நேரம் பாய்லர் சத்தம் மட்டும்.
"அட," என்றார்,
"அந்தம்மா பேரு கருணாம்பிகையா?"